ஐபிஎஸ் மாத்திரைகள்: எது எதுக்கு, எவ்வளவு நாளைக்கு?

வைகைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஐபிஎஸ் (பரிசோதனையில் வேறு நோய் எதுவும் தெரியாமலேயே வயிற்றுவலியும் பேதியோ மலச்சிக்கலோ வந்துகொண்டே இருக்கிற குடல் தொந்தரவு), அதில் பேதி வகை. கொலோனோஸ்கோபி, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்து வேறு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். காலையில் வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில்தான் வயிறு பிசைய ஆரம்பிக்கும், போய்விட்டு வந்தால் வலி குறையும், கொஞ்ச நேரத்தில் மறுபடி. பஸ்ஸில் ஏறவே பயம். வெளியூர் போக வேண்டும் என்றால் முதல் நாள் ராத்திரியே சாப்பாட்டை நிறுத்திவிடுவேன்.

இதுவரை வாங்கிய சீட்டுகளை எல்லாம் எடுத்து வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு டாக்டரும் ஒவ்வொரு மாத்திரை எழுதியிருக்கிறார். ஒருத்தர் மெபெவெரின், ஒருத்தர் டைசைக்ளோமின், இன்னொருத்தர் க்ளோர்டயஸிபாக்சைடும் கிளிடினியமும் டைசைக்ளோமினும் சேர்ந்த கூட்டு மாத்திரை. எல்லாச் சீட்டிலும் காலை வெறும் வயிற்றில் ஒரு பேன்டோப்ரசோல். நடுவில் "அமீபா இருக்கும்" என்று மெட்ரோனிடசோல் கோர்ஸ் வேறு. இதில் அந்தக் கூட்டு மாத்திரைதான் எனக்கு நன்றாகக் கேட்டது, அதனால் அதையே ரொம்ப நாளாக மெடிக்கல் ஷாப்பில் பெயரைச் சொல்லி வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போது அதை ஒரு நாள் விட்டால் தூக்கம் வருவதில்லை, படபடப்பாக இருக்கிறது, கை லேசாக நடுங்குகிறது.

நான் கேட்பது இதுதான். இந்த மாத்திரைகள் எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்கின்றனவா? ஐபிஎஸ்ஸுக்கு வாழ்நாள் முழுக்க மாத்திரை போட வேண்டுமா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

---

கோவை_மருந்தாளுநர் எழுதியது:

சகோ, முதலில் அவசரமான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கூட்டு மாத்திரையை இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். அதில் இருக்கிற க்ளோர்டயஸிபாக்சைடு, டயஸிபாம் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்திலேயே முதலில் விற்பனைக்கு வந்த மருந்து அதுதான், 1960இல் லிப்ரியம் என்ற பெயரில் வந்தது. பதற்றத்தைக் குறைக்கிற மருந்து. நீண்ட நாள் சாப்பிட்டால் உடம்பு அதற்குப் பழகிவிடும், பட்டென்று நிறுத்தினால் நீங்கள் சொல்கிற தூக்கமின்மை, நடுக்கம், படபடப்பு எல்லாம் வரும், சிலருக்கு வலிப்பு வரைக்கும் போகும். டாக்டரிடம் "இதைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும்" என்று நேரடியாகச் சொல்லுங்கள். குறைப்பதற்கு ஒரு அட்டவணை போட்டுக் கொடுப்பார். நீங்களாகப் பாதி மாத்திரை, கால் மாத்திரை என்று உடைத்துப் பார்க்க வேண்டாம்.

இந்த மருந்து, அரசின் மருந்து விதிகளில் அட்டவணை எச்1 என்ற பட்டியலில் இருக்கிறது. அதாவது சீட்டு இல்லாமல் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் நோயாளி பெயர், எழுதிய டாக்டர் பெயர், எவ்வளவு கொடுத்தோம் என்று தனி ரெஜிஸ்டரில் எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். 2014இலிருந்து இதுதான் சட்டம். ஆனால் அட்டைமேல் "வயிற்று மாத்திரை" என்று மனசில் பதிந்துவிட்டதால் வாங்குகிறவருக்கும் இது பழக்கமாகும் மருந்து என்று தோன்றுவதில்லை, விற்கிறவரும் எடுத்து நீட்டிவிடுகிறார். பதினைந்து வருஷமாகக் கவுன்ட்டரில் நிற்கிற எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. நல்ல மனிதர்கள், வயிற்றுவலிக்கு என்று ஆரம்பித்து, அது இல்லாமல் தூங்க முடியாத நிலைக்கு வந்துவிடுகிறார்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். எல்லாம் ஒரே வேலையைச் செய்யவில்லை. ஐபிஎஸ் மாத்திரைகளில் பெரும்பாலானவை ஒவ்வொரு தொந்தரவுக்கு ஒவ்வொன்று. வலிக்கு ஒன்று, பேதிக்கு ஒன்று, மலச்சிக்கலுக்கு ஒன்று. நோயையே வேரோடு எடுக்கிற மாத்திரை என்று ஒன்று இதுவரை வரவில்லை. ஆகவே சீட்டு வாங்கும்போது டாக்டரிடம் கேட்க வேண்டியது மூன்றே கேள்வி: இது என்னுடைய எந்தத் தொந்தரவுக்கு, எத்தனை வாரம், கேட்கவில்லை என்றால் அடுத்து என்ன. இதைக் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மெபெவெரின், டைசைக்ளோமின், டிரோடவெரின், ஹயோசின் எல்லாம் குடல் இறுக்கிப் பிடிப்பதைத் தளர்த்துகிற மருந்துகள். பிசைகிற வலிக்குத்தான் இவை. மெபெவெரின் 135 மி.கி. என்றால் சாப்பாட்டுக்கு 20 நிமிஷம் முன்னால், ஒரு நாளைக்கு மூன்று வேளை. 200 மி.கி. மெதுவாகக் கரைகிற வகை என்றால் இரண்டு வேளை. நிறையப் பேர் சாப்பிட்டு முடித்து, வலி வந்த பிறகு போடுகிறார்கள், அப்போது பலன் குறைவாகத்தான் தெரியும். சாப்பாடு உள்ளே போனதும் குடல் வேகமெடுக்கும், அதற்கு முன்னாலேயே மருந்து வேலையை ஆரம்பித்திருக்க வேண்டும். ஆய்வுகளில் மெபெவெரினின் பலன் பிரமாதம் என்று சொல்ல முடியாது, ஆனால் பக்கவிளைவு குறைவு, அதனால்தான் டாக்டர்கள் இதில் ஆரம்பிக்கிறார்கள். டைசைக்ளோமினும் ஹயோசினும் வேறு மாதிரி. வாய் வறளும், டைசைக்ளோமினில் பார்வை மங்கலாகும், மயக்கமாக இருக்கும். கண் அழுத்த நோய் இருப்பவர்களும், புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் போவதில் சிரமம் இருக்கிற பெரியவர்களும் டாக்டரிடம் சொல்லாமல் தொடக் கூடாது. மாதவிடாய் வலிக்கென்று வீட்டில் வைத்திருக்கிற ஸ்பாஸ் மாத்திரையில் டைசைக்ளோமினோடு மெஃபனமிக் அமிலமும் இருக்கும், அது வலிநிவாரணி, தினமும் போட்டால் இரைப்பையைப் புண்ணாக்கும். வயிற்றுவலிக்கு அதை எடுத்துப் போடுகிற வழக்கம் நம் ஊரில் நிறைய இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம்.

பேன்டோப்ரசோல் அமிலத்துக்கு. நெஞ்செரிச்சல் இல்லாத ஐபிஎஸ்ஸில் அதற்கு வேலையே இல்லை.

---

பாலைக்காற்று எழுதியது:

நான் எல்லாத்தையும் பார்த்துவிட்டேன் பாஸ், கடைசியில் ரிஃபாக்சிமின்தான் என்னைக் காப்பாற்றியது. இரண்டு வாரம் போட்டேன், உப்புசம் போச்சு, பேதி நின்றது, பிரியாணி எல்லாம் சாப்பிட்டேன். பேதி வகைக்கு இதைவிட வேறு மருந்தே கிடையாது. எல்லாரும் நேராக இதையே வாங்கிப் போடுங்கள், வேறு எதிலும் காசை விடாதீர்கள்.

---

கோவை_மருந்தாளுநர் எழுதியது:

உங்களுக்குக் கேட்டதில் சந்தோஷம். ஆனால் "எல்லாரும் நேராக" என்று சொல்லாதீர்கள், அது ஆன்டிபயாடிக்.

ரிஃபாக்சிமின் குடலுக்குள்ளேயே நிற்கும், ரத்தத்தில் மிகக் குறைவாகத்தான் சேரும், அதனால் மற்ற ஆன்டிபயாடிக்குகளைவிடப் பக்கவிளைவு குறைவு. 550 மி.கி. மூன்று வேளை, 14 நாள், இதுதான் ஐபிஎஸ் அளவு. 2011இல் வந்த பெரிய ஆய்வுகளில் மருந்து எடுத்தவர்களில் 100க்கு ஏறக்குறைய 41 பேருக்குப் போதுமான நிவாரணம் கிடைத்தது, வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 32 பேருக்கு. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பாருங்கள். மருந்தே இல்லாத மாத்திரையில் 32 பேருக்கு நன்றாக இருந்திருக்கிறது, மருந்தால் கூடுதலாகக் கிடைத்தது 9 பேருக்கு. அமெரிக்காவில் 2015இல் பேதி வகைக்கு அனுமதி கொடுத்தார்கள், திரும்பத் தொந்தரவு வந்தால் இன்னும் இரண்டு தடவை வரைக்கும் கொடுக்கலாம் என்றார்கள். திரும்ப வருவது சகஜம் என்பதால்தான் அப்படி. விலையும் அதிகம். சிலர் 200 மி.கி. மாத்திரையை நாலைந்து நாள் போட்டுவிட்டு "எனக்குக் கேட்கவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள், அது அரைகுறை வைத்தியம்.

இன்னொன்று, மெட்ரோனிடசோல், ஆர்னிடசோல் கதை. மலப் பரிசோதனையில் ஒன்றும் வராமலேயே "அமீபா" என்று கோர்ஸ் மேல் கோர்ஸ் எடுத்தவர்கள் நம்மிடையே ஏராளம். ஒரே ஆளுக்கு வருஷம் தவறாமல் அமீபா வருகிறது என்றால் அது அமீபாதானா என்று கேட்க வேண்டும்.

---

வல்வைக்கடல் எழுதியது:

வணக்கம். நான் இலங்கையிலிருந்து வந்து லண்டனில் இருக்கிறேன். எனக்கும் உந்தப் பேதி வகைதான், வயிற்றுவலியும் சரியான கடுமை. மெபெவெரின் பெரிதாகக் கேட்கவில்லை. ஜிபி (குடும்ப வைத்தியர்) கடைசியில் அமிட்ரிப்டிலின் 10 மி.கி. குளிசை இரவில் எடுக்கச் சொன்னார். முதலில் நான் கோபப்பட்டுவிட்டேன், எனக்கு மனநோய் இல்லையே, எதற்கு மனச்சோர்வுக் குளிசை தருகிறீர்கள் என்று கேட்டேன். அவர் பொறுமையாக இருந்து விளங்கப்படுத்தினார்.

குடலுக்கும் மூளைக்கும் இடையில் நரம்புத் தொடர்பு இருக்கிறது. ஐபிஎஸ் உள்ளவர்களுக்கு அந்த நரம்புகள் சின்ன அசைவையும் வலியாக மூளைக்குச் சொல்கின்றன. அமிட்ரிப்டிலின் அந்தச் செய்தியைத் தணிக்கிறது, குடலின் வேகத்தையும் குறைக்கிறது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவு 75 மி.கி.க்கும் மேலே போகும், வயிற்றுக்கு 10இல் தொடங்கி 30க்குள் நிற்கும். 2023இல் லான்செட் மருத்துவ இதழில் இங்கிலாந்தின் அட்லாண்டிஸ் ஆய்வு வந்தது. 55 ஜிபி நிலையங்களில் 463 பேர், 6 மாதம். நாங்கள் போவது போன்ற சாதாரணக் குடும்ப வைத்தியரிடம் வருகிற ஆட்களை வைத்தே செய்தார்கள், பெரிய ஆஸ்பத்திரி நோயாளிகளை வைத்து அல்ல. முதல்கட்ட மருந்துகள் கேட்காதவர்களுக்கு இது வெறும் குளிசையைவிட நன்றாகவே வேலை செய்தது. அளவை எப்போது கூட்டுவது குறைப்பது என்று நோயாளியே முடிவு செய்ய ஒரு கையேடும் கொடுத்தார்கள்.

எனக்கு முதல் வாரம் காலையில் எழும்ப முடியவில்லை, வாய் காய்ந்தது. அதற்குப் பிறகு இரவுச் சாப்பாட்டோடு ஒட்டி, படுக்கைக்குப் போவதற்கு வெகு முன்னதாக எடுக்கத் தொடங்கினேன், காலைத் தூக்கக் கலக்கம் போய்விட்டது. வலி குறைந்தது தெரிய சில வாரம் எடுத்தது. ஒரு கிழமையில் கேட்கவில்லை என்று நிறுத்தியிருந்தால் எனக்கு இது உதவியிருக்காது. பேதி வகைக்கு இதில் இன்னொரு நன்மை, இது கொஞ்சம் மலத்தை இறுக்கும். மலச்சிக்கல் வகைக்காரருக்கு அதுவே கஷ்டம்.

---

வைகைக்கரை எழுதியது:

வல்வைக்கடல், ரொம்ப நன்றி. எனக்கும் ஒரு டாக்டர் இதை எழுதினார், வீட்டில் கூகுள் செய்து பார்த்துவிட்டு "இது மனநோய் மாத்திரை, போடாதே" என்று சொன்னதால் வாங்கவே இல்லை. க்ளோர்டயஸிபாக்சைடை வருஷக்கணக்கில் போட்ட வீட்டில்தான் இதைச் சொன்னார்கள்.

அப்புறம் லோபரமைடு பற்றிச் சொல்லுங்கள். பஸ்ஸில் போகும்போது ஒன்று போட்டுக்கொள்ளலாமா?

---

கோவை_மருந்தாளுநர் எழுதியது:

போடலாம், லோபரமைடு அதற்காகத்தான் இருக்கிறது. பேதி வகை ஐபிஎஸ்ஸில் போக்கைக் குறைக்கும், அவசரத்தைக் குறைக்கும். வலியையும் உப்புசத்தையும் குறைக்காது. கல்யாணத்துக்கோ இன்டர்வியூவுக்கோ போகிறீர்கள் என்றால் கிளம்புவதற்கு முன்பே 2 மி.கி. ஒன்று போடுவது நியாயமான வழி, டாக்டரிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். சீட்டில்லாமல் எடுக்கிற அளவில் ஒரு நாளைக்கு 8 மி.கி.யைத் தாண்டக் கூடாது. அளவு மீறினால் இதயத் துடிப்பையே கெடுக்கும், அமெரிக்க மருந்துத் துறை 2016இல் இதைப் பற்றி எச்சரிக்கையே வெளியிட்டது. காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் லோபரமைடைத் தொடவே கூடாது, அது தொற்றாக இருக்கலாம், உள்ளே அடைத்து வைத்தால் ஆபத்து.

ஆன்டான்செட்ரான் என்று வாந்திக்குக் கொடுக்கிற மாத்திரை தெரியுமே, அதையும் சில கேஸ்ட்ரோ (இரைப்பை, குடல்) டாக்டர்கள் பேதி வகைக்குக் கொடுக்கிறார்கள். அதன் பக்கவிளைவே மலச்சிக்கல்தான், அதை இங்கே நன்மையாக்கிக்கொள்கிறார்கள்.

---

வல்வைக்கடல் எழுதியது:

அதே வகையில் அலோசெட்ரான் என்று ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. அதன் வரலாற்றை ஐபிஎஸ்காரர் எல்லாரும் தெரிந்திருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் அனுமதி, அதே ஆண்டு நவம்பரில் சந்தையிலிருந்து எடுத்தார்கள். குடலுக்கு ரத்த ஓட்டம் குறைந்து அழற்சி, கடுமையான மலச்சிக்கல், இறப்புகள்கூட நடந்தன. ஆனால் அது இல்லாமல் வாழ முடியவில்லை என்று நோயாளிகளே மன்றாடிக் கேட்டார்கள், 2002இல் கடும் கட்டுப்பாட்டோடு திரும்பக் கொண்டுவந்தார்கள், கடுமையான பேதி வகை உள்ள பெண்களுக்கு மட்டும். இந்த நோய் ஆபத்தில்லாதது, சின்னத் தொந்தரவு என்று சொல்கிறவர்களுக்கு இதைத்தான் நான் சொல்வேன். ஆபத்து தெரிந்தும் அந்த மருந்தைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்கிற அளவுக்கு அந்தப் பெண்கள் அவதிப்பட்டிருக்கிறார்கள்.

---

நாஞ்சில்_டீச்சர் எழுதியது:

எல்லாரும் பேதியைப் பற்றியே பேசுகிறீர்கள், எங்கள் பக்கமும் வாருங்கள். எனக்கு மலச்சிக்கல் வகை. வகுப்பில் நிற்கும்போது வயிறு பலூன் மாதிரி வீங்கிவிடும், புடவைக் கொசுவம் இறுகும், சாயங்காலம் வரைக்கும் தாங்க முடியாது. பள்ளிக்கூடக் கழிப்பறை நிலவரம் ஆசிரியைகளுக்குத் தெரியும், அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறோம், அதுவும் சேர்ந்து மலத்தை இறுக்குகிறது.

நார்ச்சத்து சாப்பிடுங்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். கோதுமைத் தவிடு பிஸ்கட், தவிடு கலந்த சப்பாத்தி என்று சாப்பிட்டால் உப்புசம் இரண்டு மடங்காகிவிட்டது. ஒரு நல்ல டாக்டர்தான் தவிட்டை நிறுத்திவிட்டு இசப்கோல் எடுங்கள் என்றார். ராத்திரி ஒரு டீஸ்பூனில் ஆரம்பித்து மெதுவாகக் கூட்டினேன். பெரிய டம்ளர் தண்ணீரில் கலக்கி, கெட்டியாவதற்குள் குடித்துவிட்டு மேலே இன்னொரு டம்ளர். முதலில் கொஞ்சம் காற்று கூடினது, பிறகு சரியானது.

வலி மட்டும் முழுக்கப் போகவில்லை. இப்போது லினாக்ளோடைடு எழுதியிருக்கிறார். அதைப் பற்றி யாருக்காவது தெரியுமா? லாக்டுலோஸ் சிரப்பும் வீட்டில் பாட்டில் பாட்டிலாக இருக்கிறது.

---

கோவை_மருந்தாளுநர் எழுதியது:

டீச்சர், உங்கள் டாக்டர் சொன்னது ரொம்பச் சரி. நெதர்லாந்தில் 275 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள், 2009இல் வெளிவந்தது. இசப்கோல் ஒரு பிரிவு, கோதுமைத் தவிடு ஒரு பிரிவு, அரிசி மாவு ஒரு பிரிவு. இசப்கோலுக்குப் பலன் இருந்தது. தவிட்டுக்குச் சொல்லும்படி இல்லை, தொந்தரவு கூடிவிட்டது என்று பாதியில் விலகியவர்கள் தவிட்டுப் பிரிவில்தான் அதிகம். இசப்கோல் தண்ணீரில் கரைந்து வழவழப்பாகிற நார், தவிடு கரையாத நார், குடலை உரசும். குஜராத்தின் ஊஞ்சா பக்கம் விளைகிற இசப்கோலை உலகமே வாங்கி இதற்குப் பயன்படுத்துகிறது, விலையும் குறைவு. ஐபிஎஸ் மருந்துகளில் முதலில் இதைத்தான் நான் யாருக்கும் சொல்வேன். பேதி வகைக்கும் சிலருக்கு உதவும், மலத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். மற்ற மாத்திரைகளோடு ஒரே நேரத்தில் வேண்டாம், அவற்றை உறிஞ்சவிடாமல் செய்யும், ஒன்றிரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

லாக்டுலோஸை எடுத்து ஓரமாக வையுங்கள். மலச்சிக்கலுக்கு அது நல்ல மருந்துதான், ஆனால் குடலில் நொதித்து வாயுவை உண்டாக்கும். ஐபிஎஸ்ஸுக்கு அதை ஊக்குவிக்க வேண்டாம் என்று பிரிட்டனில் டாக்டர்களுக்கு வழிகாட்டுகிற நைஸ் அமைப்பின் வழிகாட்டுதலே சொல்கிறது. உங்கள் உப்புசத்தில் அதற்கும் பங்கு இருக்கலாம். அதற்குப் பதில் பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடர் நல்லது, இது நொதிக்காது, தண்ணீரை மட்டும் மலத்தோடு பிடித்து வைக்கும். வலிக்கு அது உதவாது, மலம் இளகிப் போக உதவும்.

லினாக்ளோடைடு வலிக்கும் மலச்சிக்கலுக்கும் சேர்த்து வேலை செய்கிற மருந்து. 2012இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 290 மைக்ரோகிராம், தினம் ஒன்று, முதல் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் வெறும் வயிற்றில். குடலின் உள்சுவரிலிருந்து நீரைச் சுரக்க வைக்கிறது, ரத்தத்தில் அநேகமாகச் சேர்வதே இல்லை. சாப்பாட்டோடு எடுத்தால் பேதி கூடும், அதனால் நேரத்தைக் கறாராகக் கடைப்பிடியுங்கள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் ஆரம்பியுங்கள், முதல் சில நாள் பேதியாக வாய்ப்பு இருக்கிறது. மலம் இளகிப் போவது முதல் வாரத்திலேயே தெரியும், வலியும் உப்புசமும் குறைய இன்னும் பல வாரம் ஆகும். அளவு உங்கள் டாக்டர் எழுதியதுதான், மாற்ற வேண்டாம்.

---

நாஞ்சில்_டீச்சர் எழுதியது:

நன்றி தம்பி, சனிக்கிழமை ஆரம்பிக்கிறேன். நிலாவாரைச் சூரணம் என் அம்மா விடாமல் கொடுப்பார், அது?

---

கோவை_மருந்தாளுநர் எழுதியது:

நிலாவாரை உங்கள் பக்கத்துச் சரக்குதானே அக்கா, திருநெல்வேலி சென்னா என்று வெளிநாடுகளில் மாத்திரையாகவே விற்கிறார்கள். எப்போதாவது அடைத்துக்கொண்டால் ஒரு ராத்திரி எடுக்கலாம், தப்பில்லை. குடலைச் சுருங்க வைத்துத்தான் அது வெளியேற்றும், அதனால் ஐபிஎஸ் வலி இருப்பவர்களுக்குப் பிசைவு கூடும். தினசரி மருந்தாக உங்களுக்கு ஏற்றதில்லை.

---

பொருநை_மகன் எழுதியது:

மலச்சிக்கல், உப்புசம் என்று போன என் அம்மாவுக்கு ஒரு கிளினிக்கில் பேன்டோப்ரசோலும் லெவோசல்பிரைடும் சேர்ந்த கேப்சூல் எழுதினார்கள். வயது 68. ஒரு வருஷத்துக்கும் மேலாகச் சாப்பிடுகிறார். இப்போது வலது கை நடுங்குகிறது, நடை மெதுவாகிவிட்டது, முகத்தில் சிரிப்பே இல்லை. வயசாகிவிட்டது என்று சொல்கிறார்கள். இந்த இழையைப் படித்ததும் சந்தேகம் வருகிறது.

---

கோவை_மருந்தாளுநர் எழுதியது:

தம்பி, நாளைக்கே நரம்பியல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள், அந்தக் கேப்சூல் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு. லெவோசல்பிரைடு, மூளையில் உடல் அசைவைச் சீராக வைக்கிற டோபமின் என்ற பொருளைத் தடுக்கிற மருந்து. வயதானவர்களுக்கு நீண்ட நாள் கொடுத்தால் பார்க்கின்சன் நோய் போலவே நடுக்கமும் இறுக்கமும் வரும், வாய் அசைவுகளும் வரலாம். பெண்களுக்கு மாதவிடாய் தவறும், மார்பில் பால் சுரக்கும். உங்கள் அம்மாவுக்கு இதுதான் காரணமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்காமல் பார்க்கின்சன் மாத்திரை ஆரம்பித்துவிடக் கூடாது. மருந்தால் வந்தது என்றால் நிறுத்தினால் பெரும்பாலும் குறையும், சிலருக்கு மாதக்கணக்காகும், சிலருக்கு முழுக்கப் போகாமலும் இருக்கும். அதனால்தான் நாள் தள்ள வேண்டாம் என்கிறேன்.

வாய்வு, உப்புசம், ஏப்பம் என்று போகிற எல்லாருக்கும் இந்தக் கேப்சூலைச் சாதாரணமாக எழுதுகிறார்கள், சீட்டில் எத்தனை நாள் என்று போட்டிருப்பதைத் தாண்டியும் மக்கள் வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுடைய மாத்திரை டப்பாவை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். சின்ன எழுத்தில் இருக்கிற மருந்துப் பெயரைப் படியுங்கள்.

---

தஞ்சை_வயல் எழுதியது:

டப்பாவைப் பார்க்கச் சொன்னது மிகச் சரி. எங்கள் அப்பாவுக்குப் பேதி வகை ஐபிஎஸ் என்று சொல்லி மெபெவெரின், புரோபயாடிக் எல்லாம் கொடுத்தார்கள். சர்க்கரைக்கு அவர் எடுத்த மெட்ஃபார்மின்தான் காரணம் என்று வேறு ஒரு டாக்டர் கண்டுபிடித்தார். அளவை மாற்றி, மெதுவாகக் கரைகிற வகைக்கு மாற்றியதும் ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது. மெட்ஃபார்மின் எடுக்கிற எத்தனையோ பேருக்கு இப்படிப் பேதி இருக்கிறது.

---

வல்வைக்கடல் எழுதியது:

பித்தப்பையை எடுத்த பிறகு பேதி தொடங்கியவர்களும் கவனியுங்கள். அது ஐபிஎஸ் என்றே பெயர் வாங்கும், ஆனால் பித்த அமிலம் பெருங்குடலுக்கு வந்து எரிச்சல் கொடுப்பதால் வருவது. அதற்குக் கொலெஸ்டிரமின் பவுடர் தருவார்கள், ஐபிஎஸ் குளிசைகள் உதவாது. பேதி வகைக்கென்று வந்த எலக்சடோலின் என்ற மருந்தையும் பித்தப்பை இல்லாதவர்கள் எடுக்கக் கூடாது, கணைய அழற்சி வந்து இறந்தவர்கள் இருந்ததால் 2017இல் அமெரிக்காவில் எச்சரித்தார்கள்.

---

பாலைக்காற்று எழுதியது:

சரி, ரிஃபாக்சிமினை எல்லாரும் போடுங்கள் என்று நான் சொன்னது தப்பு, ஏற்றுக்கொள்கிறேன். புதினா எண்ணெய் கேப்சூல் பற்றி யாரும் பேசவில்லையே? எனக்கு இப்போது உப்புசம் திரும்ப வருகிறது, அதைப் போடலாமா என்று யோசிக்கிறேன். சித்த மருத்துவத்தில் ஐபிஎஸ்ஸைக் கிராணி என்று சொல்லி வேறு மருந்தும் தருகிறார்கள்.

---

கோவை_மருந்தாளுநர் எழுதியது:

புதினா எண்ணெய் நல்ல மருந்து, மென்தால் குடல் தசையைத் தளர்த்துகிறது. நம் வீட்டுப் புதினாத் துவையலால் அந்த வேலை நடக்காது. இரைப்பையில் கரையாத உறை போட்ட கேப்சூல்தான் வேண்டும், எண்ணெய் சிறுகுடலுக்குப் போய் வெளிவர வேண்டும். கடிக்கக் கூடாது, சாப்பாட்டுக்கு முன் எடுக்க வேண்டும், ஜெலுசில் மாதிரி அமில முறிவு மருந்தோடு சேர்த்து எடுக்கக் கூடாது. உறை இரைப்பையிலேயே கரைந்துவிட்டால் நெஞ்செரிச்சல்தான் மிச்சம். பழைய ஆய்வுகளெல்லாம் சாதகமாக இருந்தன, 2020இல் வந்த டச்சு ஆய்வில் வலி விஷயத்தில் எதிர்பார்த்த அளவு தெளிவான வித்தியாசம் காட்டவில்லை. ஆனாலும் பாதுகாப்பானது, ஒரு மாதம் முயன்று பார்க்கலாம்.

சித்த மருந்து எடுத்தால் பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் எடுங்கள், அந்தப் பட்டியலை கேஸ்ட்ரோ டாக்டரிடமும் காட்டுங்கள். லேபிள் இல்லாத பொட்டலம், "வயிற்று நோய் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து" என்று யூடியூபில் விற்பது, இரண்டையும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

உப்புசத்துக்கு மாத்திரையைவிடச் சாப்பாடுதான் முதலில். மெல்போர்னில் மொனாஷ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் உருவாக்கிய ஃபாட்மேப் (குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் நொதித்து வாயு உண்டாக்குகிற சில மாவு, சர்க்கரை வகைகள்) குறைவான உணவு முறை இருக்கிறது. நம் சமையலில் பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், ராஜ்மா, கொண்டைக்கடலை எல்லாம் அதில் மாட்டும். நாலிலிருந்து ஆறு வாரம் குறைத்துவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து எது ஆகவில்லை என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டுவிட்டு வருஷக்கணக்கில் மெலிந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள், அது முறை இல்லை.

---

வல்வைக்கடல் எழுதியது:

இதையும் சொல்லிவிடுகிறேன், யாரும் விட்டுவிடக் கூடாது. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவு, ரத்தசோகை, இரவில் தூக்கத்திலிருந்து எழுப்புகிற பேதி, காய்ச்சல், 50 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய மாற்றம், குடும்பத்தில் குடல் புற்றுநோய். இதில் ஒன்று இருந்தாலும் ஐபிஎஸ் குளிசையோடு நிற்காமல் வைத்தியரிடம் போங்கள்.

---

வைகைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இன்று டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். சீட்டுகள் எல்லாவற்றையும் மேஜையில் வைத்து அந்த மூன்று கேள்வியையும் கேட்டேன். கூட்டு மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்க எழுதிக் கொடுத்துவிட்டார். பேன்டோப்ரசோல் நிறுத்தம். ராத்திரி அமிட்ரிப்டிலின் 10 மி.கி., இரண்டு மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். முதலில் ஒரு ஈசிஜி எடுக்கச் சொன்னார், எடுத்தாச்சு, நார்மல். பயணத்துக்கு லோபரமைடு. கோதுமையில் இருக்கிற குளூட்டனால் குடல் கெடுகிற சீலியாக் நோய் இருக்கிறதா என்று பார்க்க டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற ரத்தப் பரிசோதனை இதுவரை யாருமே எழுதவில்லை, அதையும் எழுதியிருக்கிறார். ஒரே ஒரு சந்தேகம், இசப்கோலை எந்த நேரத்தில் எடுப்பது? ராத்திரி அமிட்ரிப்டிலினோடு மோதுமே?

---

கோவை_மருந்தாளுநர் எழுதியது:

இசப்கோலைச் சாயங்காலம் ஐந்து ஆறு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அமிட்ரிப்டிலின் எட்டரை மணிக்கு. பரிசோதனை முடிவு வருகிற வரைக்கும் கோதுமையை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் முடிவு தப்பாக வரும். கூட்டு மாத்திரையைக் குறைக்கிற வாரங்களில் தூக்கம் கொஞ்சம் கெடும், நடுக்கம் கூடினால் அடுத்த படிக்கு இறங்காமல் டாக்டருக்கு ஃபோன் பண்ணுங்கள். கூட்டு மாத்திரையும் அமிட்ரிப்டிலினும் சேர்ந்து தூக்கக் கலக்கம் தரும், அதனால் இந்த மாதம் பைக் ஓட்டுவதைத் தவிருங்கள்.

---

பொருநை_மகன் எழுதியது:

நரம்பியல் டாக்டரைப் பார்த்தாச்சு அண்ணா. கேப்சூலை நிறுத்தச் சொல்லிவிட்டார். பார்க்கின்சன் மாத்திரை இப்போது வேண்டாம், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார். அம்மாவின் மலச்சிக்கலுக்கு பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடர் கொடுத்திருக்கிறார். மூன்று மாதம் கழித்து இங்கேயே வந்து எழுதுகிறேன்.